மலாக்கா செயின்ட் பால் குன்று: கோலாலம்பூரிலிருந்து முதல் முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் 1857-க்குப் பிறகு ஈயத்தால் எழுந்த ஊர். இங்கே அழகான பழைய தேவாலயங்கள் உண்டு. ஆனால் கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கும் ஐந்நூறு வருடத்து மிஷன் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே மலாக்காவுக்குத்தான் போக வேண்டும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருக்கிற நம்மவர்கள் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்குள்ள செயின்ட் பால் குன்றுக்குப் போயிருப்பார்கள். குன்றின் மேல் ஏறி, வெள்ளைச் சிலைக்கு முன்னால் நின்று படம் பிடித்து, பத்து நிமிடத்தில் இறங்கி, செண்டோல் (தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்த ஐஸ் இனிப்பு) கடையில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும். வேலைக்கோ படிப்புக்கோ தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கும் உதவும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள் கட்டாயம் போக வேண்டும். கோட்டாறு கோவிலில் நீங்கள் கும்பிடும் அதே சவேரியாரின், அதாவது பதினாறாம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் துறவி பிரான்சிஸ் சவேரியாரின் உடல், 1553-இல் சில மாதங்கள் இந்தக் குன்றின் மேல்தான் புதைக்கப்பட்டிருந்தது.

எந்த நாள், எத்தனை மணிக்கு

முடிந்தால் வார நாள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் மலாக்காவின் ஒடுங்கிய தெருக்களில் ஜாம் கொஞ்சநஞ்சம் அல்ல. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை வேறு. சந்தையும் வேண்டும், குன்றும் வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்கிழமை போகலாம். ஆனால் அன்று மதியத் தொழுகை நேரத்தில் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குன்றின் உச்சிக்கு காலை பத்து மணிக்குள் போய்விடுவது நல்லது. மேலே கூரை கிடையாது, வெயில் நேரே தலையில் இறங்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் கல்லறைக் கற்களின் எழுத்துகள் தேய்ந்தவை. சாய்ந்த வெளிச்சத்தில்தான் அவை எடுத்துக் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். காலை தவறினால் மாலை நான்கரைக்கு மேல் ஏறுங்கள், மழை இல்லாமல் இருந்தால்.

குன்றில் ஏறவும் பாழடைந்த தேவாலயத்துக்குள் போகவும் கட்டணம் இல்லை.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர் போத்தல், குடை, பிடிப்புள்ள காலணி. சிலிப்பர் வேண்டாம், மழை பெய்தால் படிகள் வழுக்கும். கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும், அதன் டார்ச் தேவைப்படும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

போய்ச் சேர

பேருந்துதான் சுலபம். பண்டார் தாசிக் செலாத்தானில் இருக்கும் டிபிஎஸ் முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு நாள் முழுவதும் பஸ் உண்டு. நெரிசல் இல்லையென்றால் இரண்டு மணி நேரம். கேஎல் சென்ட்ரலிலிருந்து டிபிஎஸ் போக கொமுட்டர் ரயிலும் உண்டு, கேஎல்ஐஏ டிரான்சிட்டும் உண்டு. இரண்டாவது வேகம், ஆனால் காசு கூட. ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி பாதையில் இருப்பவர்கள் நேராக அங்கேயே இறங்கலாம். அடையாள அட்டை அல்லது கடப்பிதழ் கையில் இருக்கட்டும். பஸ் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள், முனையம் பெரியது. வார இறுதி என்றால் திரும்பும் டிக்கெட்டையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

ரயிலில் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். மலாக்கா நகருக்குள் ரயில் இல்லை. பூலாவ் செபாங்கில் இறங்கி மறுபடி நாற்பது கிலோமீட்டர் அளவுக்குச் சாலையில் போக வேண்டும். ரயில் பிரியர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு வீண் அலைச்சல்.

காரில் போகிறவர்கள் பிளஸ் நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கிப் போய் ஆயர் கெரோ வெளிவழியில் இறங்க வேண்டும். சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டத்தாரான் பாலவான் அல்லது மக்கோத்தா பரேட் பேரங்காடியில் காரை விட்டால் கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். பழைய நகரத் தெருக்களுக்குள் பார்க்கிங் தேடிச் சுற்ற வேண்டாம்.

மலாக்கா சென்ட்ரலிலிருந்து குன்றுக்குச் சில கிலோமீட்டர்தான். கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிரேப் கார் எடுக்கலாம். டவுன் பஸ் என்றால் ஓட்டுநரிடம் "பங்குனான் மேரா" போகுமா என்று கேட்டு ஏறுங்கள். சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் டச்சு சதுக்கத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

எந்தப் பக்கம் ஏறுவது

குன்றுக்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று சிவப்புக் கட்டடமான ஸ்டாட்ஹைஸ் பக்கம், மற்றது பழைய கோட்டையின் வாசலான சந்தியாகோ வாசல் பக்கம். பெரும்பாலானவர்கள் பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்தே, அதாவது ஸ்டாட்ஹைஸ் பக்கத்திலிருந்தே ஏறிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், குன்றின் அடிவாரச் சாலையான ஜாலான் கோத்தாவில் சுற்றி நடந்து சந்தியாகோ வாசலுக்கு வாருங்கள். பத்து நிமிட நடைதான். இந்த வழியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் காலம் வரிசையாக வரும்: போர்த்துகீசியக் கோட்டை, பிறகு மிஷன், பிறகு டச்சு நகரம். தலைகீழாகப் போனால் எது முந்தியது எது பிந்தியது என்று குழம்பிவிடும்.

போர்த்துகீசியர் மலாக்காவை 1511-இல் பிடித்தார்கள். பிடித்த கையோடு அவர்களுடைய தளபதி அஃபோன்சோ டி அல்புகர்க் கோட்டை கட்ட ஆரம்பித்தார். அதில் மிஞ்சியது இந்த ஒரு வாசல்தான். வாசலுக்கு மேலே 1670 என்று செதுக்கியிருப்பதைப் பார்த்து அதுதான் கட்டிய ஆண்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது டச்சுக்காரர்கள் பழுதுபார்த்து, தங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தோடு பொறித்துக்கொண்ட ஆண்டு. மற்றக் கோட்டையெல்லாம் எங்கே போயிற்று? 1807-இல் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கினார்கள். இந்த ஊர் மறுபடி டச்சுக்காரர் கைக்குப் போனால் கோட்டை அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்பதுதான் எண்ணம். வாசல் தப்பியது, பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் தலையீட்டால் என்று சொல்வார்கள்.

ஒரு காலத்தில் கடல் இந்த வாசலுக்கு அருகே வரை இருந்தது. எதிரே தெரியும் பேரங்காடிகள் நிற்பது கடலைத் தூர்த்த நிலத்தில்.

வாசலுக்குப் பின்னாலேயே படிகள் ஆரம்பிக்கின்றன. நிதானமாக ஏறினால் பத்து நிமிடம் போதும். முழங்கால் வலிக்காரர்கள் நடுவில் நின்று நின்று ஏறலாம். சக்கர நாற்காலியோடு இந்த வழியில் ஏற முடியாது. தாத்தா பாட்டியைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேலே போனதும்

முதலில் கண்ணில் படுவது சவேரியாரின் வெள்ளைச் சிலையும் அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோபுரமும். கோபுரத்தைப் பார்த்ததும் தேவாலயத்தின் மணிக்கூண்டு என்று தோன்றும். அது மணிக்கூண்டு அல்ல, ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம். 1590-இல் இயேசு சபையார் (சவேரியார் சார்ந்த கத்தோலிக்கத் துறவிகள் சபை) கட்டிய உண்மையான மணிக்கோபுரம் எப்போதோ போய்விட்டது. இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் கட்டடம் பாதி புரிந்த மாதிரி. மேலே நிற்கும் எதுவும் ஒரே ஆள் ஒரே காலத்தில் கட்டியது இல்லை. ஒவ்வொருவரும் முந்தியவர் விட்டுப் போனதைத் தன் வேலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.

சிலையை 1952-இல் வைத்தார்கள், சவேரியார் மலாக்காவில் வந்து தங்கியதன் நானூறாவது ஆண்டை ஒட்டி. சிலையை மந்திரித்த (ஜெபித்துப் புனிதப்படுத்திய) மறுநாளே சவுக்கு மரம் ஒன்று விழுந்து சிலையின் வலது கை உடைந்தது. இன்றும் அந்தக் கை இல்லை. சவேரியாரின் உடலிலிருந்தும் 1614-இல் வலது முன்கையைத் துண்டித்து ரோமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லாத வழிகாட்டியே மலாக்காவில் கிடையாது. மரம் விழுந்தது நிஜம், கை போனது நிஜம். மற்றது கேட்கிறவர் இஷ்டம்.

சிலை அங்கேயே நிற்கட்டும். கூட்டம் அங்கே இருக்கும்போது நீங்கள் உள்ளே போய்விடுங்கள்.

வாசலைத் தாண்டியதும் உடனே நடக்காமல் சுவர்களைப் பாருங்கள். சிவந்து, துளைதுளையாக இருக்கும் வெட்டுக்கல். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் வீடு கட்டுவார்களே, அதே வகைக் கல்தான். இதன்மேல் ஒரு காலத்தில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. அங்கங்கே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

முதலில் இங்கே இருந்தது சின்னச் சிற்றாலயம். 1521-இல் துவார்த்தே கோயல்யு என்ற போர்த்துகீசியப் பிரபு, தென்சீனக் கடலில் உயிர் தப்பியதற்கு நேர்ச்சையாக மாதாவுக்குக் கட்டியது. 1548-இல் கோவா ஆயர் இதை இயேசு சபைக்குக் கொடுத்தார், சவேரியார் பெற்றுக்கொண்டார். அப்புறம்தான் இது மிஷன் ஆயிற்று. பள்ளி தொடங்கினார்கள், 1556-இல் மேல்தளம் எழுப்பி விரிவாக்கினார்கள். கிழக்கே மலுக்கு தீவுகளுக்கும் சீனா, ஜப்பானுக்கும் போகும் குருமார்கள் பருவக்காற்றுக்குக் காத்திருந்து கப்பல் ஏறும் இடமாக இது இருந்தது.

சவேரியார் இங்கே முதல் முறை வந்தது 1545-இல், நம் கடற்கரையிலிருந்து. அதற்கு முன் முத்துக்குளித்துறையில் பரதவர் ஊர்களில் நடையாய் நடந்து, கிறிஸ்தவ மந்திரங்களை (ஜெபங்களை) தமிழில் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தவர். மயிலாப்பூரில் தோமையார் கல்லறையில் சில மாதம் தங்கிவிட்டு அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். வந்த இடத்திலும் அதே முறைதான்: மந்திரங்களை மலாய் மொழியில் ஆக்கிக்கொண்டார். 1547-இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியரை இந்த ஊரில்தான் சந்தித்தார். 1549-இல் அவரோடு ஜப்பானுக்குப் புறப்பட்டதும் இங்கிருந்துதான்.

கடைசியாக 1552-இல் சீனாவுக்குப் போக இங்கே வந்து நின்றபோது, அவரோடு போகவிருந்த போர்த்துகீசியத் தூதுக் குழுவைத் துறைமுகத் தலைவர் அல்வாரோ டி அத்தாய்டே தடுத்துவிட்டார். இவர் வாஸ்கோ ட காமாவின் மகன். சவேரியார் அந்தக் குழு இல்லாமலே போனார். அந்த ஆண்டு டிசம்பர் 3 அன்று சீனக் கரையை ஒட்டிய சாங்சுவான் தீவில் இறந்தார். 1553 மார்ச்சில் உடல் இதே மலாக்காவுக்கு வந்தது. இந்த ஆலயத்தில் புதைத்தார்கள். அதே ஆண்டு இறுதியில் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் குழி பீடம் இருந்த கோடியில் இருக்கிறது. கம்பி வலை போட்ட வெற்றுக் குழி, அவ்வளவுதான். எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். உள்ளே நாணயங்கள் கிடக்கும். யாரோ முதலில் போட, பிறகு எல்லோரும் போடுகிறார்கள். நீங்கள் போட வேண்டும் என்று எந்த முறையும் இல்லை. பக்கத்தில் யாராவது முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் அவர்கள் எழும்வரை கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். கூரை இல்லையென்றாலும் வேண்டுதலோடு வருகிறவர்களுக்கு இது இன்னும் கோவில்தான்.

கற்களைப் படிப்பது

என்னைக் கேட்டால் இந்தக் குன்றில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கல்லறைக் கற்களுக்குத்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பலகைக் கற்கள். பெரும்பாலானவை டச்சுக் காலத்தவை.

1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தபோது அவர்கள் புராட்டஸ்டண்ட் பிரிவான சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினார்கள், ஆனால் நல்ல கட்டடத்தை வீணாக்கவில்லை. செயின்ட் பால் என்று பெயர் வைத்துத் தங்கள் கோவிலாக்கிக்கொண்டார்கள். 1753-இல் கீழே கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்ததும் இதை விட்டு இறங்கினார்கள். அதற்குப் பிறகும் பெரிய மனிதர்களைப் புதைக்க மட்டும் மேலே வந்தார்கள். குன்று கோட்டையின் பகுதியாகவும் இருந்தது. ஆங்கிலேயர் வந்ததும் இதே தேவாலயம் வெடிமருந்துக் கிடங்கு ஆயிற்று.

கற்களைப் படிக்க டச்சு மொழி தெரிய வேண்டாம். முதலில் மேல் பகுதியைப் பாருங்கள்: குடும்பச் சின்னம், கப்பல், மண்டையோடு என்று ஏதாவது இருக்கும். பிறகு எண்களைத் தேடுங்கள். "அன்னோ" என்ற இலத்தீன் சொல்லுக்குப் பிறகு வரும் நான்கு இலக்கம் ஆண்டு. சின்ன எண் வயதாக இருக்கலாம். எழுத்து தெரியவில்லையென்றால் கைப்பேசி டார்ச்சைக் கல்லுக்கு நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். சுண்ணக்கட்டி, மாவு பூசிப் படிக்கும் வேலை வேண்டவே வேண்டாம், கல் கெட்டுவிடும். கற்களின் மேல் ஏறி உட்காருவதும் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இதில் கண் வைத்திருங்கள்.

இந்தக் கற்களுக்கு நடுவில் டச்சுக்காரர் அல்லாத ஒருவரைத் தேடிப் பாருங்கள். ஜப்பானின் ஆயராக இருந்த இயேசு சபைத் துறவி பெட்ரோ மார்ட்டின்ஸ், 1598-இல் இறந்தவர், இங்கேதான் அடக்கமானார். ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். மலாக்கா எவ்வளவு தூரத்துக் கடல்களின் நடுவில் இருந்தது என்பது அந்தக் கல் முன்னால் நின்றால் விளங்கும்.

மேலே ஓவியம் விற்பவர்கள், கிட்டார் வாசிப்பவர்கள் இருப்பார்கள். தொந்தரவு செய்ய மாட்டார்கள். படம் எடுக்கச் சிறந்த இடம் வாசலிலிருந்து நேராகப் பீடத்தை நோக்கி இல்லை. பீடத்துப் பக்கம் நின்று வாசலை நோக்கி எடுத்தால் திறந்த வானமும் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து விழும்.

குறைந்தது ஒரு மணி நேரம் மேலே இருங்கள். கிளம்பும் முன் கடல் பக்கம் நின்று மலாக்கா நீரிணையைப் பாருங்கள், கட்டடங்களுக்கு இடையில் தெரியும் அளவுக்கு.

இறங்கும் வழியும் அதற்குப் பிறகும்

இப்போது மறுபக்கம், ஸ்டாட்ஹைஸ் நோக்கி இறங்குங்கள். அடிவாரத்தில் சற்றுத் தள்ளி டச்சுக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. பெயர்தான் டச்சு, உள்ளே இருப்பவர்களில் ஆங்கிலேயரே அதிகம். நேரம் இருந்தால் எட்டிப் பார்க்கலாம், இல்லையென்றால் பரவாயில்லை. கிறைஸ்ட் சர்ச்சுக்குள் கட்டாயம் போங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கும் ஆங்கிலிக்கன் ஆலயம், அதற்கேற்ற உடையும் அமைதியும் வேண்டும். மேலே நீங்கள் பார்த்த கட்டடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை இங்கே கண்ணால் காணலாம்.

வாசலில் பாட்டு அலற நிற்கும் பெச்சா (மூன்று சக்கரச் சைக்கிள் ரிக்‌ஷா) சவாரி ஆசையாக இருந்தால் ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசி முடித்துவிடுங்கள்.

பாலத்தைத் தாண்டி ஜாலான் துக்காங் எமாஸுக்கு நடந்தால் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில். மலாக்கா செட்டிகளின் (பழங்காலத்தில் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழிவந்தவர்கள்) தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல், டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் எழுப்பியது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்துக் கோவில்களில் ஒன்று. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோவில். குன்றிலிருந்து கத்தோலிக்கரை இறக்கிய அதே டச்சு ஆட்சிதான் செட்டிகளுக்கு நிலம் கொடுத்தது. பிறகு கத்தோலிக்கரையும் ஊருக்கு வெளியே கட்டிக்கொள்ளச் சொல்லி இடம் விட்டது. 1710-இல் எழுந்த செயின்ட் பீட்டர் ஆலயம் அப்படி வந்ததுதான். மதத்தைவிட வியாபாரக் கணக்குதான் அவர்களுக்குப் பெரிது என்பது என் எண்ணம்.

சாப்பாட்டுக்கு ஜோங்கர் பக்கத்துக் கடைகளில் மதியம் வரிசை நிற்கும். காலையிலேயே டிபிஎஸ் கிளம்பும் முன் நன்றாகப் பசியாறிவிட்டு வந்தால், குன்றிறங்கி ஒரு கிண்ணம் செண்டோலோடு சமாளித்து, வாழையிலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணிக்குப் போகலாம். குலா மலாக்கா என்னும் பனைவெல்லக் கட்டி வாங்க நினைப்பவர்கள் கடைசியில் வாங்குங்கள், வெயிலில் சுமக்க வேண்டாம்.

திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு என்றால் டச்சு சதுக்கத்திலிருந்து நான்கு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வார இறுதி மாலையில் அந்தச் சதுக்கத்துக்குள் கிரேப் வந்து சேரவே நேரம் பிடிக்கும். மக்கோத்தா பரேட் பக்கம் நடந்து போய் அங்கிருந்து அழைத்தால் சீக்கிரம் கிடைக்கும்.